சிம்ப்சன்ஸ் மாறிய விதம்: நாலு ராத்திரி, 16 எபிசோடு

‘த சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் முதல் சீசனைப் போட்டதும் ஒரு குழப்பம் வரும். குடும்பத்தின் அப்பா ஹோமரின் குரல் வேறு யாரோ பேசுவது போல இருக்கும். அம்மா மார்ஜ் குடித்துவிட்டுப் பாடுவார். ஹோமரின் முதலாளியின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் ஒரு எபிசோடில் கறுப்பர், அடுத்ததில் மஞ்சள். இதுதானா ஊரே கொண்டாடிய தொடர் என்று ரிமோட்டைத் தேடத் தோன்றும். இன்னொரு பக்கம், ‘எட்டு சீசன் வரை தங்கம், அப்புறம் தகரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் ரசிகர்களும் உண்டு. இவர்கள் இருவருக்குமே கண்ணில் படாமல் போவது 1989 முதல் 1994 வரை அந்தத் தொடருக்குள் நடந்தது. அது நாளுக்கு நாள் மெதுவாக உருமாறவில்லை. கை மாறியபோதெல்லாம் மாறியது. எந்த வாரம் மாறியது என்று விரல் வைத்துக் காட்டவே முடியும்.

அதைக் காட்டும் 16 எபிசோடுகளின் வரிசை கீழே இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம். ராத்திரிக்கு நாலு வீதம் பார்த்தால் நாலு ராத்திரியில், ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உட்காரும் முன்: வரிசையும் சட்டகமும்

ஒளிபரப்பான தேதியை வைத்து இந்தத் தொடரைப் படிக்கப் போனால் கண் ஏமாறும். தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். எந்த எபிசோடு பட்டியலிலும் அது இருக்கும். முதல் வருடத்துக்கு 7ஜி, இரண்டாவதுக்கு 7எஃப், பிறகு 8எஃப், 9எஃப். ஐந்தாவது வருடத்துக்கு 1எஃப். இந்த 1எஃப் கடைசியில் வருவது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பட்டியலை எண் வரிசையில் அடுக்கினால் அது முதலில் போய் நிற்கும், மொத்தக் கணக்கும் தப்பிவிடும்.

தேதி ஏன் ஏமாற்றும்? கதை எழுதி, குரல் பதிந்து, லாஸ் ஏஞ்சலஸில் காட்சிகளை வரைந்து, மீதி ஓவியமும் வண்ணமும் கொரியாவில் முடிந்து, திரும்பி வந்து திருத்தம் பார்ப்பதற்குள் ஆறு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். அதனால் ஒரு வருடத்துச் சரக்கில் இரண்டொன்று தங்கி அடுத்த சீசனின் தொடக்கத்தில் வெளியாகும். உச்சகட்ட உதாரணம் முதல் சீசனிலேயே இருக்கிறது. 1990 மே 13 அன்று சீசனின் கடைசி எபிசோடாக வந்த ‘சம் என்சான்டட் ஈவ்னிங்’தான் முதலில் தயாரானது. அதன் எண் 7ஜி01. 1989 டிசம்பர் 17 அன்று தொடரைத் தொடங்கி வைத்த கிறிஸ்துமஸ் கதை 7ஜி08.

அடுத்தது சட்டகம். 2009 வரை இந்தத் தொடர் பழைய டிவியின் 4:3 அளவில் வரையப்பட்டது. டிஸ்னி பிளஸ் 2019 நவம்பரில் தொடங்கியபோது அகலத் திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டிப் போட்டார்கள். ரசிகர்கள் கத்திய பிறகு, 2020 மே மாதம் பழைய அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்ச் வைத்தார்கள். அது எபிசோடு பட்டியலில் இருக்காது, தொடரின் விவரப் பக்கத்தில் இருக்கும். உங்கள் திரையில் எது ஓடுகிறது என்று சந்தேகமாக இருந்தால் நாலாவது சீசனின் ‘டஃப்லெஸ்’ எபிசோடைத் திறந்து பீர் ஆலைக் காட்சிக்குப் போங்கள். டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டிகள் நிற்கும். மூன்றுக்கும் மேலே ஒரே குழாய் போகிறது, அதுதான் ஜோக். குழாய் தெரியாவிட்டால் நீங்கள் பார்ப்பது வெட்டிய பிரதி. இந்தத் தொடரில் பாதி நகைச்சுவை தலைக்கு மேலே பலகையில் எழுதியிருக்கும் என்பதால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு எபிசோடுக்கும் நாலு கட்டம் போடுங்கள். ஒன்று, ஹோமரின் குரல். இரண்டு, கதையைத் தள்ளுவது யாருடைய ஆசை. மூன்று, உடம்பின் சட்டம்: விழுந்தால் வலிக்கிறதா, செத்தால் சாவார்களா, சுவர் சுவராக இருக்கிறதா. நாலு, மூன்றாவது நிமிடத்திலிருந்து ஆறாவது நிமிடம் வரை எத்தனை ஜோக். இதில் பலர் செய்யும் தப்பு, தாங்கள் சிரித்ததை மட்டும் எண்ணுவது. சிரிப்பு வராவிட்டாலும் ஜோக் ஜோக்தான், ஒரு கோடு போடுங்கள். பின்னணியில் உள்ள கடைப் பலகைக்கும் ஒரு கோடு. சிரிப்பை எண்ணினால் உங்கள் மனநிலையைத்தான் அளப்பீர்கள், எழுத்தாளர் அறையின் வேகத்தை அல்ல.

முதல் ராத்திரி: 7ஜி01, 7ஜி02, 7ஜி04, 7ஜி06

இதற்கு முன்பும் ஒரு காலம் உண்டு. 1987 ஏப்ரல் 19 முதல் ‘த ட்ரேசி உல்மன் ஷோ’வின் இடையிடையே 48 குட்டிப் படங்கள் வந்தன. தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் கொடுத்தது கரட்டுக் கோட்டோவியம், அனிமேட்டர்கள் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்துக் கொடுத்தது. அவர்கள் அதன் மேலேயே அப்படியே வரைந்துவிட்டார்கள். அந்தக் கோணல்மாணலான முகங்களின் கதை அவ்வளவுதான். மஞ்சள் தோலையும் மார்ஜின் நீல முடியையும் தீர்மானித்தவர் வண்ணக்காரர் ஜியோர்ஜி பெலூஸ். இவற்றில் சில, முதல் படமான ‘குட் நைட்’ உட்பட, ஏழாவது சீசனின் 138வது எபிசோடு சிறப்பு நிகழ்ச்சியில் இருக்கின்றன. ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். மகள் லிசாவை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே அவள் அண்ணன் பார்ட்டின் இன்னொரு நகல், அவ்வளவே.

இப்போது 7ஜி01. கொரியாவிலிருந்து இது திரும்பி வந்தபோது தயாரிப்பாளர்கள் அதிர்ந்து போனார்கள். கதவை அறைந்து சாத்தினால் கதவே ரப்பர் போல வளைந்தது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸ் கேட்டது நேர் எதிரானது: மனிதர்கள் கார்ட்டூனாக இருக்கட்டும், வீடு வீடாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் திரும்பச் செய்தார்கள், தொடரின் தொடக்கமே இலையுதிர் காலத்திலிருந்து டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அடுத்ததாக வந்த ‘பார்ட் த ஜீனியஸ்’ மட்டும் உருப்படியாக வராமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். 7ஜி01ஐ ஒட்டுப்போட்ட துணியாகப் பாருங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் திருடி மிஸ் பாட்ஸின் காட்சிகளில் ஒரே ஆளின் முகம் ஷாட்டுக்கு ஷாட் சற்றே மாறுவது தெரியும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

7ஜி02, ‘பார்ட் த ஜீனியஸ்’, டேவிட் சில்வர்மேன் இயக்கியது. இதில் ஒரே ஒரு காட்சிக்கு நோட்டை மூடிவிடுங்கள். பரீட்சையில் ரயில் கணக்கு. இந்த ரயில் இத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அந்த ரயில் அத்தனை வேகத்தில் வருகிறது என்று படிக்கப் படிக்க, பார்ட்டின் தலைக்குள் எல்லாம் எண்ணாக மாறிக்கொண்டே போகும். எண்கள் பேசும், பயணிகள் நெருங்குவார்கள், கடைசியில் மோதல். முழுத் தொடருக்கும் தேவையான துணிச்சல் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பித்து முழுவதும் ஒரு சிறுவனின் மண்டைக்குள் மட்டுமே நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வகுப்பறை வகுப்பறையாகவே இருக்கிறது. முதல் வருடத்தின் சட்டம் அதுதான்.

7ஜி04, ‘தேர்ஸ் நோ டிஸ்கிரேஸ் லைக் ஹோம்’. பலரும் பாதியில் விட்டுப்போவது இங்கேதான். நமக்கு அதிகம் பயன்படுவதும் இதுதான். அணு உலை முதலாளி பர்ன்ஸ் வீட்டு விருந்தில் குடும்பம் மானத்தை வாங்குகிறது என்று கூனிக் குறுகுவது யார்? ஹோமர்! மார்ஜ் பஞ்ச் குடித்து நிலை தடுமாறுகிறார். மனநல மருத்துவர் மார்வின் மன்ரோவுக்குக் கட்ட 250 டாலர் வேண்டும் என்று டிவியை அடகு வைக்கிறார் ஹோமர். சிகிச்சை பலிக்காவிட்டால் இரண்டு மடங்கு திரும்ப என்பது வாக்குறுதி. குடும்பத்துக்கு ஷாக் வைத்தும் பலிக்காமல் 500 டாலரோடு புது டிவி வாங்கப் போகிறார்கள். பின்னால் வந்த பாத்திரங்களை நினைத்துப் பார்த்தால் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவர்கள் அல் ஜீன், மைக் ரீஸ். மூன்றாவது வருடம் தொடரையே கையில் எடுக்கப் போகிற இதே இருவருக்கு, ஹோமர் யார் என்று அப்போது இன்னும் பிடிபடவில்லை.

குரல் கட்டத்தை இங்கே நிரப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். ஹோமருக்குக் குரல் கொடுக்கும் டேன் காஸ்டெலனெட்டா ஆரம்பத்தில் செய்தது நடிகர் வால்டர் மாத்தாவின் சாயல்: கரகரத்த, எரிச்சலான, தொண்டையின் மேல்பக்கத்துக் குரல். மணிக்கணக்கில் ஒலிப்பதிவு நடக்கும் நாட்களில் அதைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அந்தக் குரலில் கோபம் வரும், வேறு உணர்ச்சி வருவது கஷ்டம். குரலைக் கீழே இறக்கினார். இறக்கியதும் பயம், ஆசை, வெகுளித்தனம், அழுகை எல்லாம் அதில் வர ஆரம்பித்தன. ஹோமர் ‘முட்டாள் ஆனார்’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்களையே பார்க்கிறார்கள். ஆனால் தொண்டை வழிவிட்ட பிறகுதான் எழுத்து அந்தப் பக்கம் போக முடிந்தது.

7ஜி06, ‘மோனிங் லிசா’, வெஸ் ஆர்ச்சர் இயக்கம். குட்டிப் படங்களில் வெறும் வாலாக இருந்த பெண்ணுக்கு ஒரு மனசு கிடைப்பது இங்கே. எப்போதும் சிரித்த முகமாக இரு என்று மகளுக்குப் புத்தி சொல்லி பள்ளி வாசலில் இறக்கிவிட்ட மார்ஜ், அதன் விளைவைக் காரிலிருந்தே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிறார். ஜோக் கட்டத்தில் கோடுகள் குறைவாகத்தான் விழும். குறைந்தாலும் கவலையில்லை, இந்த எபிசோடு சிரிக்க வைக்கவே எழுதப்பட்டதல்ல.

போகிற போக்கில்: ஸ்மிதர்ஸ் கறுப்பாக இருப்பது 7ஜி03இல். அது வண்ணம் போட்டதில் நேர்ந்த தப்பு. ஹோமரின் குடிகார நண்பர் பார்னியின் முடி தோல் நிறத்திலேயே இருக்கும், பிறகுதான் பழுப்பாயிற்று. மதுக்கடைக்காரர் மோவின் வசனங்களை முதலில் வேறொருவர் பேசியிருந்தார், ஹாங்க் அசேரியா வந்து அதன் மேல் மறுபடி பேசினார். இவையெல்லாம் கண்டுபிடிக்க ஜாலியானவை, ஆனால் தொடரின் மாற்றம் இவற்றில் இல்லை.

இரண்டாம் ராத்திரி: 7எஃப்01, 7எஃப்06, 7எஃப்19, 7எஃப்23

போட்டவுடன் தொடக்கப் பாட்டு மாறியிருப்பது தெரியும். முதல் வருடத்தில் பார்ட் பேருந்து நிறுத்தப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போவான், லிசா சைக்கிளில் வீட்டுக்கு வருவாள். இரண்டாம் வருடத்தில் அவை போய், ஸ்கேட்போர்டில் பார்ட் ஊர் ஆட்களைக் கடந்து வருவது வந்தது. இது வெறும் அலங்காரம் அல்ல. இந்த வருடம்தான் ஊரே முளைத்தது. மேயர் குவிம்பி, டாக்டர் ஹிபர்ட், வக்கீல் லயனல் ஹட்ஸ், ட்ராய் மெக்லூர், வில்லி, காமிக்ஸ் கடைக்காரர், ஸ்நேக், பேராசிரியர் ஃபிரிங்க் எல்லாரும் இந்த ஒரே சீசனில் முதல்முறையாக வருகிறார்கள். குடும்பத்துக்கு வெளியே கதை சொல்ல ஆள் சேர்ந்தது.

7எஃப்01இல் மூன்று கண் மீன். கவர்னர் தேர்தலில் நிற்கும் பர்ன்ஸுக்கு, அவருடைய ஆலைக் கழிவில் வளர்ந்த அந்த மீனையே தட்டில் வைத்துப் பரிமாறுகிறார் மார்ஜ். ஒரு வாய் எடுத்து, கேமராக்களுக்கு முன்னால் விழுங்க முடியாமல் துப்புகிறார் பர்ன்ஸ், தேர்தல் போச்சு. இரண்டாவது கட்டத்தில் கவனமாக எழுத வேண்டிய எபிசோடு. பிரச்சினை ஊருடையது, முடிவு எடுப்பது சமையலறை. அரசியலைக் குடும்பத்தின் வழியாகவே தொடுவது இந்த வருடத்தின் கைவண்ணம்.

7எஃப்06, ‘பார்ட் த டேர்டெவில்’. மூன்றாவது கட்டத்துக்கு இதுதான் அளவுகோல். பள்ளத்தாக்கைத் தாண்டுவேன் என்று நிற்கும் மகனைத் தடுக்கப் போன ஹோமர், தானே ஸ்கேட்போர்டில் உருண்டு கிட்டத்தட்டத் தாண்டியும் விடுகிறார். அப்புறம் விழுகிறார். பாறை பாறையாக இடித்து, ரத்தம் வரக் கீழே போய்ச் சேர்ந்து, ஸ்ட்ரெச்சரில் மேலே தூக்கப்பட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றி, அது மரத்தில் இடித்து, ஸ்ட்ரெச்சர் பின்னால் உருண்டு, மறுபடியும் அதே பள்ளத்தாக்கு. ஏன் இவ்வளவு சிரிப்பு வருகிறது? ஒவ்வொரு அடியும் வலிக்கிறது. கோயோட் வகைக் கார்ட்டூன் போல அடுத்த நொடி எழுந்து நிற்பதில்லை. உடம்பின் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஹோமர் எத்தனையோ உயரத்திலிருந்து விழுந்தார், இந்தக் கனம் எதிலும் இல்லை.

7எஃப்19, ‘லிசாஸ் சப்ஸ்டிட்யூட்’. ஜான் விட்டி எழுத்து, ரிச் மூர் இயக்கம், தற்காலிக ஆசிரியருக்குக் குரல் கொடுத்தவர் சாம் எடிக் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட டஸ்டின் ஹாஃப்மேன். தற்காலிக ஆசிரியர் ரயிலேறும்போது லிசாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே சொல்வது பாவம். அதைவிட முக்கியம் பின்னால் வருவது. அப்பாவைக் குரங்கு என்று மகள் திட்டிவிட, படித்தவன் பேச்சு எதுவும் வராத ஹோமர் குரங்கு மாதிரியே நடித்து அவளைச் சிரிக்க வைக்கிறார். புதுக் குரல் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்த மூன்று நிமிடம் சாட்சி. மாத்தா சாயலில் இந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள், முடியாது.

7எஃப்23, ‘வென் ஃபிளாண்டர்ஸ் ஃபெயில்ட்’. பக்கத்து வீட்டுக்காரர் நாசமாகப் போகட்டும் என்று ஹோமர் வேண்டிக்கொள்ள, இடக்கைக்காரர்களுக்கான கடை நிஜமாகவே நொடிந்து போகிறது. குற்ற உணர்ச்சியில் ஊரையே கூட்டி வந்து காப்பாற்றுகிறார். இரண்டாம் வருட எண், ஆனால் வெளியானது மூன்றாம் சீசனில், 1991 அக்டோபர் 3. ஒரு குழுவின் சரக்கும் அடுத்த குழுவின் சரக்கும் சேரும் முதல் தையல் இங்கே இருக்கிறது.

மூன்றாம் ராத்திரி: 8எஃப்01, 8எஃப்13, 8எஃப்18, 9எஃப்01

க்ரோனிங், ப்ரூக்ஸ், சாம் சைமன் மூவரும் நடத்தியது முதல் இரண்டு வருடம். 8எஃப்01, ‘மிஸ்டர் லிசா கோஸ் டு வாஷிங்டன்’, ஜீனும் ரீஸும் தலைமை ஏற்ற முதல் எபிசோடு. வெளியானது 1991 செப்டம்பர் 26. அதற்கு அடுத்த வாரம் வந்ததுதான் நேற்று கடைசியாகப் பார்த்த 7எஃப்23. 8எஃப்01க்கு முந்தைய வாரம் வந்தது ‘ஸ்டார்க் ரேவிங் டேட்’ (7எஃப்24). மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த அந்த எபிசோடை 2019இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஸ்ட்ரீமிங்கில் மூன்றாம் சீசன் ஒன்று குறைவாகத் தெரிந்தால் பிழை உங்களுடையது அல்ல.

8எஃப்01ஐ நேற்றைய மீன் கதையோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டையும் இயக்கியவர் வெஸ் ஆர்ச்சர், அதனால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு, எழுத்தின் வித்தியாசம் அப்பட்டம். எம்.பி. லஞ்சம் வாங்குவதை லிசா பார்க்கிறாள், நொந்துபோய் கட்டுரைப் போட்டியில் நாட்டையே கிழிக்கிறாள். உடனே அரசு விழித்துக்கொள்கிறது. எம்.பி. பிடிபட்டு, பதவி பறிபோய், சிறைக்குப் போய், ஆண்டவரிடம் மனம் திரும்பிய செய்தி வரைக்கும் பேப்பரில் வந்துவிடுகிறது, எல்லாம் குடும்பம் வாஷிங்டனில் இருக்கும்போதே! மீன் கதையில் பர்ன்ஸைத் தோற்கடித்தது ஒரு தாயின் சாமர்த்தியம். இங்கே தீர்ப்பே ஜோக். நடக்க முடியாத வேகத்தில் நீதி கிடைப்பதுதான் கிண்டல். நாலாவது கட்டத்தில் கோடுகள் கூடியிருக்கும்.

8எஃப்13, ‘ஹோமர் அட் த பேட்’, 1992 பிப்ரவரி 20. நிஜமான ஒன்பது பேஸ்பால் நட்சத்திரங்கள் வருகிறார்கள், எட்டு பேருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிடுகிறது. கென் கிரிஃபி ஜூனியர் டானிக் குடித்து முகம் வீங்கி ராட்சதனாகிறார். ஆஸி ஸ்மித் ஒரு மர்மக் குழியில் விழுந்துகொண்டே இருக்கிறார். மூன்றாவது கட்டத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சட்டம் மீறப்பட்டது. பார்ட்டின் தலைக்குள் நடந்த பித்து இப்போது ஊர் நடுவில் நடக்கிறது, யாரும் அதைக் கனவு என்று சொல்லவில்லை. இதற்கு எழுத்தறையிலேயே எல்லோரும் உடன்பட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் கதவு திறந்துவிட்டது. இதை எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர் மீன் கதையையும் சைமனோடு சேர்ந்து எழுதியவர். ஆள் அதே, அனுமதி வேறு.

அடுத்த தையல் படம் வரைந்த நிறுவனத்தில். குட்டிப் படங்களிலிருந்து வரைந்து வந்த கிளாஸ்கி சூப்போவின் எபிசோடுகளில் கடைசியாக வெளியானது 8எஃப்18, ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்டு மார்ஜ்’, 1992 அக்டோபர் 1. ஃபிலிம் ரோமனின் முதல் எபிசோடு 9எஃப்01, ‘ஹோமர் த ஹெரடிக்’, அக்டோபர் 8. ஏழே நாள் இடைவெளி. பெரிய பள்ளம் இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் இயக்குநர்கள் வேலையோடு சேர்ந்தே இடம் மாறினார்கள். ஒரே இயக்குநரை இரண்டு இடத்திலும் பிடித்தால்தான் நிறுவனத்தின் வித்தியாசம் தனியாகத் தெரியும். ஜிம் ரியர்டனுக்கு 8எஃப்13ஐயும் 9எஃப்01ஐயும் ஒப்பிடுங்கள். ரிச் மூருக்கு 8எஃப்18ஐயும் நாளை வரும் 9எஃப்10ஐயும். கூட்டக் காட்சியில் நிறுத்துங்கள். கோட்டின் தடிமன் ஒரே சீராக இருப்பது, பின்வரிசை ஆட்களின் முகமும் மாதிரி ஓவியத்தோடு ஒத்துப்போவது, கண்மணிகள் ஒரே பக்கம் பார்ப்பது, இந்த மூன்றும் போதும். 9எஃப்01இல் கடவுளின் கையையும் பாருங்கள். ஊரில் எல்லாருக்கும் நாலு விரல், அவருக்கு மட்டும் ஐந்து.

நாலாம் ராத்திரி: 9எஃப்10, 9எஃப்22, 1எஃப்02, 1எஃப்13

‘மார்ஜ் வர்சஸ் த மோனோரெயில்’, கோனன் ஓ’ப்ரையன் எழுதி 1993 ஜனவரி 14 அன்று வந்தது. இதில் மூன்றாவதிலிருந்து ஆறாவது நிமிடத்தை எண்ணும்போது கை வலிக்கும். பர்ன்ஸ் பூங்காவில் அணுக்கழிவைக் கொட்டிப் பிடிபடுகிறார், 30 லட்சம் டாலர் அபராதம், அதை எப்படிச் செலவழிப்பது என்று ஊர்க் கூட்டம். இரண்டாவது வருடத்தில் ஒரு முழு எபிசோடுக்கு ஆகக்கூடிய சரக்கு இங்கே முன்னுரையாகப் போய்விடுகிறது. மார்ஜ் மட்டும் தெருவைச் சரிசெய்யலாம் என்று சொல்கிறார், மோனோரெயில் விற்க வந்த மோசடிக்காரர் லைல் லேன்லி பாட்டுப் பாடி ஊரையே இழுத்துக்கொண்டு போகிறார். மார்ஜின் தனிமை கொஞ்சம் இருக்கிறது, அதுதான் கதையைத் தரையில் பிடித்து வைத்திருக்கும் ஆணி. அந்த ஆணியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது இன்னும் மூன்று எபிசோடில் தெரியும்.

கடைசித் தையலும் அடுத்தடுத்த வாரங்களில். 9எஃப்22, ‘கேப் ஃபியர்’, 1993 அக்டோபர் 7. ஜீன், ரீஸ் காலத்துப் பழைய குழுவின் கடைசிச் சரக்குகளில் ஒன்று. 1எஃப்02, ‘ஹோமர் கோஸ் டு காலேஜ்’, அக்டோபர் 14, புதுத் தலைவர் டேவிட் மிர்கின் காலம்.

‘கேப் ஃபியர்’ நேரம் போதாமல் குறைந்து வந்தது. அதை நிரப்ப வில்லன் சைட்ஷோ பாப் மண்வாரியை மிதித்து முகத்தில் அடி வாங்குவதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மொத்தம் ஒன்பது அடி. இரண்டாவதில் சிரிப்போம், நாலாவதில் சலிப்போம், ஏழாவதில் மறுபடி வயிறு வலிக்கச் சிரிப்போம். நீங்களே நேரம் பார்த்துக் குறியுங்கள், சலிப்பு எந்த அடியில் சிரிப்பாகத் திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

1எஃப்02இல் பரிசோதனைக்கென்று வேனுக்குள் வைத்த மாதிரி அறையில் ஹோமர் பொத்தானை அழுத்தி அணு விபத்தையே உண்டாக்கிவிடுகிறார். அந்த வண்டியில் அணுப் பொருளே கிடையாது! இதே ஆள் 7ஜி04இல் குடும்ப மானத்துக்காக டிவியை அடகு வைத்தவர். இப்போது அவருக்குத் தெரியாதது என்ற ஒன்றே கதையை ஓட்டும் இயந்திரம். இரண்டாவது கட்டத்தில் பார்ட், லிசா, மார்ஜ் பெயர்கள் அருகிப்போய் ஹோமரின் பெயரே திரும்பத் திரும்ப விழுவதைக் கவனித்திருப்பீர்கள். குழந்தையின் ஆசைக்குப் பள்ளி, வீடு, கடை என்று எல்லை உண்டு. வேலை, வண்டி, கடன், முட்டாள்தனம் நாலும் உள்ள பெரியவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம்.

எங்கே வரை? 1எஃப்13, ‘டீப் ஸ்பேஸ் ஹோமர்’, 1994 பிப்ரவரி 24. விண்வெளிக்கே. நாசாவின் ஒளிபரப்பை யாரும் பார்ப்பதில்லை என்று சராசரி மனிதனைத் தேடுகிறார்கள், ஹோமர் சிக்குகிறார். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து விண்கலம் முழுக்கப் பறக்கவிடுகிறார், கடைசியில் பத்திரிகை அட்டையில் இடம்பிடிப்பது ஒரு கார்பன் கம்பி. அபாரமான எபிசோடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் க்ரோனிங் இந்தக் கதைக்குத் தயங்கினார், தயங்கியது நியாயம். அணு உலைத் தொழிலாளி விண்வெளிக்குப் போய்த் திரும்பி மறுநாள் காலை வழக்கம் போல வேலைக்குப் போகிறார் என்றால், அதற்குப் பிறகு அவருக்கு நடக்கும் எதுவும் பெரிதாக இருக்க முடியாது. மார்ஜின் ஆணியைத் தேடுங்கள், கிட்டத்தட்ட இல்லை.

நம்மூர்க்காரர்கள் 1எஃப்10, ‘ஹோமர் அண்ட் அப்பு’வையும் நடுவில் சொருகிக்கொள்ளலாம். ஊரின் இந்தியக் கடைக்காரர் அப்புவின் பெயர் சத்யஜித் ரேயின் படங்களிலிருந்து வந்தது. அந்த உச்சரிப்பை அன்று பெரிதாக யாரும் கேள்வி கேட்கவில்லை. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் ஆவணப்படம் எடுத்துக் கேட்டார், 2020இல் ஹாங்க் அசேரியா அந்தக் குரலைக் கைவிட்டார். முதல் சீசனிலிருந்தே அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

நேரம் இருந்தால் பதினேழாவதாக ஒன்று. 4எஃப்19, ‘ஹோமர்ஸ் எனிமி’, 1997 மே 4. பில் ஓக்லியும் ஜோஷ் வைன்ஸ்டீனும் நடத்திய காலம். ஃபிராங்க் கிரைம்ஸ் என்று ஒருவர் வேலைக்குச் சேர்கிறார். எல்லாவற்றையும் உழைத்தே சம்பாதித்த, முதல் வருடத்துச் சட்டங்களோடு வாழும் சாதாரண மனிதர். ஹோமர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். சுவரில் ஒரு புகைப்படம், விண்வெளி உடையில் ஹோமர். நீயா, விண்வெளிக்கா என்று நம்ப முடியாமல் நிற்கிறார் கிரைம்ஸ். ஆமாம், நீ போனதில்லையா என்று ஹோமர் சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டு, கிராமி விருதைக் காட்டட்டுமா என்கிறார்.